தூக்கிய காலா, ஊன்றிய காலா? குளம்பு வேலையின்போது குதிரைக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

“அண்ணே, இது காலே தர மாட்டேங்குது. ரொம்பப் பிடிவாதம்.”

லாயத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. குதிரைக்குப் பிடிவாதமே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்றுவரை ஒழுங்காகக் கால் கொடுத்த குதிரை இன்று கொடுக்கவில்லை என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது வலியைத்தான். அதிலும் கையில் இருக்கும் காலை அல்ல, தரையில் ஊன்றியிருக்கும் காலை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படும்படி இல்லை. சைஸாக, அதாவது குதிரைப் பராமரிப்பாளராக, வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பழுப்புக் குதிரை வலது முன்காலைத் தூக்கியதும் மூன்றே விநாடியில் பிடுங்கிக்கொண்டது. மறுபடி தூக்கினேன், மறுபடி பிடுங்கியது. நான்காவது முறை தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். ஜொகூரிலிருந்து வரும் லாடக்கார அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, அந்தக் காலை விடு. நிக்கிற காலப் பாரு” என்றார். இடது முன்குளம்பைத் தொட்டேன். அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கொதித்தது. உள்ளே சீழ். இரண்டு நாள் கழித்து அது குளம்பின் மேல்விளிம்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. வலது காலை நான் தூக்கிய ஒவ்வொரு முறையும் அந்த இடது காலின் மேல் பாரத்தை ஏற்றியிருக்கிறேன். போதாததற்கு அடி வேறு.

கணக்கு எளிது. குதிரையின் உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்கால்களில் நிற்கிறது. 500 கிலோ குதிரை என்றால் முன்கால் ஒன்றுக்குச் சுமார் 150 கிலோ. ஒன்றைத் தூக்கிவிட்டால் மற்றது கிட்டத்தட்ட இரண்டு பங்கு சுமக்க வேண்டும். வலிக்கிற காலில் அதைச் சுமக்க எந்தக் குதிரையும் சம்மதிக்காது.

சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. இன்று இங்கே குளம்பின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கொக்கியைப் பிடிப்பவர்களில் பலர் சவாரி கற்க வருகிறவர்களும், வாரக் கடைசியில் உதவிக்கு வருகிற தொண்டூழியர்களும்தான். அவர்களை மனத்தில் வைத்துத்தான், பார்க்கிற அறிகுறியை வைத்துப் பிரித்து இதை எழுதுகிறேன். மருந்து கொடுப்பது விலங்கு மருத்துவரின் வேலை. ஆணியும் அரமும் லாடக்காரரின் வேலை. கண்டுபிடித்துச் சொல்வது மட்டும் நம் வேலை.

கொக்கியைக் கையில் எடுக்கும் முன்

கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நின்று பாருங்கள். குதிரை வேட்டையாடப்படும் இனம். ஆள் பார்க்கிறார் என்று தெரிந்தால் வலியை மறைத்துக்கொள்ளும். நீங்கள் இருப்பதையே அது மறந்த பிறகுதான் உண்மையான நிலை தெரியும்.

முகத்தில் ஆறு இடங்கள். காது விறைத்துப் பின்னால் திரும்பியிருக்கிறதா, கண்ணிமை பாதி மூடி இறுகியிருக்கிறதா, கண்ணுக்கு மேலே எலும்பு துருத்தித் தெரிகிறதா, தாடைத் தசை கெட்டியாகப் புடைத்திருக்கிறதா, வாய் இறுகி முகவாய்க்கட்டை கூம்பி நிற்கிறதா, மூக்குத்துவாரம் இழுபட்டிருக்கிறதா. 2014இல் வெளியான குதிரை முகபாவ அளவுகோல் பார்ப்பது இந்த ஆறையும்தான்; ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். காயடித்த பிறகு குதிரைகளின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்து உருவாக்கினார்கள். நான் மதிப்பெண் எல்லாம் போடுவதில்லை. நன்றாக இருக்கும் நாளில் ஒவ்வொரு குதிரையின் முகத்தையும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பிறவியிலேயே சிடுமூஞ்சியாக இருக்கும் குதிரைகள் உண்டு; அவற்றுக்குப் பொதுவான அளவுகோலைவிட அவற்றின் சொந்தப் படம்தான் உதவும்.

பிறகு தொட்டுப் பாருங்கள். புறங்கையைக் குளம்புச் சுவரில் வைத்து நான்கு கால்களையும் ஒப்பிட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: நம் ஊர் வெயிலில் கறுப்புக் குளம்பு சும்மாவே சுடும். சாயங்கால வெயில் விழும் பக்கத்துக் கால்கள் இரண்டும் சூடாக இருந்தால் அது நோய் ஆகாது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்திவிட்டுத் தொடுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் குளிப்பாட்டிய உடனேயும் தொட்டுப் பயனில்லை.

சூட்டைவிட எனக்கு நம்பிக்கை நாடியில். குளம்புக்கு மேலே இருக்கும் முதல் பெரிய மூட்டின் பின்புறம், உட்பக்கமும் வெளிப்பக்கமும், இரண்டு விரலை மெதுவாக வைத்து உருட்டினால் சின்னக் கயிறு மாதிரி ஒன்று வழுக்கும். அதன் மேல் விரலை லேசாக வைத்துக் காத்திருங்கள். அழுத்தினால் ஓட்டம் நின்றுவிடும். கட்டைவிரலை வைத்தால் உங்கள் நாடியையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள். நல்ல குளம்பில் நாடி இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும். தேடாமலேயே விரலில் டக் டக் என்று அடித்தால் அந்தக் குளம்புக்குள் ஏதோ நடக்கிறது. முதல் பத்து முறை உங்களுக்குக் கிடைக்காது. எனக்கும் கிடைக்கவில்லை.

காலைத் தூக்கவே விட மறுக்கிறது

தூக்க விடாத காலுக்கு நேர் எதிர்க்காலைத் தூக்கிப் பாருங்கள். வலது முன்காலைத் தர மறுத்து, இடது முன்காலைச் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு நீண்ட நேரம் நிற்கிறதா? வலி அனேகமாக இடதில்தான். அந்தக் காலைத் தூக்குவது அதற்கு நிம்மதி. இரண்டு முன்கால்களையுமே தர மறுத்தால் கீழே ‘முன்கால்களை நீட்டி’ என்ற பகுதியில் லேமினைடிஸ் என்ற குளம்பு நோய் பற்றிச் சொல்லியிருப்பதை உடனே படியுங்கள்.

பின்கால் என்றால் கதை கொஞ்சம் வேறு. வயதான குதிரைக்குக் குளம்பில் ஒன்றும் இருக்காது. முழங்காலிலோ பின்னங்கணுவிலோ இடுப்பிலோ மூட்டுத் தேய்மானம் இருக்கும். காலை மடக்குவதே வேதனை. அப்படிப்பட்ட குதிரையின் காலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து வேலை செய்தால் அமைதியாக நிற்கும். வழக்கமான உயரத்துக்கு இழுத்தால் உதைக்கும். எத்தனை உயரம்வரை பொறுத்துக்கொள்கிறது என்று பார்த்து, அதை லாடக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குட்டைக் குதிரைகள் விஷயத்தில் தப்பு பெரும்பாலும் நம்முடையது. ஆறடி ஆள் ஒருவர் குனிய அலுத்துக்கொண்டு, போனியின் காலைத் தன் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் வளைப்பார். முன்காலை உடம்புக்கு வெளியே இழுத்தால் தோள் முறுக்கிக்கொள்ளும். அது பிடுங்கத்தான் செய்யும். மண்டியிடாமல் குத்துக்காலிட்டு உட்காருங்கள். எழுந்து விலக வசதியாக இருக்கும்.

தூக்க விடுகிறது, கொஞ்ச நேரத்தில் பிடுங்குகிறது அல்லது மேலே சாய்கிறது

மனத்துக்குள் எண்ணுங்கள். நான் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைக்கிறேன்: முன் இடது 40, முன் வலது 40, பின் இடது 35, பின் வலது 12. எழுதிப் பார்த்தால்தான் அந்தப் பன்னிரண்டு கண்ணில் படும். நான்கு கால்களிலும் ஒரே மாதிரி பத்து விநாடியில் பிடுங்கினால் பழக்கம் போதவில்லை, அல்லது அதற்குச் சலிப்பு. ஒரே ஒரு காலில் மட்டும் என்றால் அதுவும் அதன் எதிர்க்காலும் இரண்டுமே சந்தேகத்துக்கு உரியவை.

சாய்வதும் இப்படித்தான். சோம்பேறிக் குதிரை எந்தக் காலைத் தூக்கினாலும் உங்கள் மேல் சாயும். வலி உள்ள குதிரை ஒரு பக்கம் மட்டும் சாயும், சாயும்போது மூச்சு மாறும். காலைக் கீழே வைக்க விடுங்கள், அரை நிமிடம் கழித்துத் திரும்ப எடுங்கள். ஓய்வு கொடுத்ததும் மறுபடி நன்றாக நின்றால், அதற்கு மனமில்லாமல் இல்லை, முடியவில்லை.

பொய்யான அறிகுறிகள் இரண்டு. ஒன்று ஈ. காலை வெடுக்கென்று உதறி, தோலைச் சிலிர்த்து, வாலையும் அடித்தால் மின்விசிறியைத் திருப்பி வையுங்கள்; பாதி முரண்டு போய்விடும். இன்னொன்று இடி. பிற்பகல் மூன்று மணிக்கு வானம் இருட்டும்போது குளம்பு வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

கொக்கி ஒரே இடத்தில் பட்டதும் துள்ளுகிறது

குளம்பின் அடியில் முக்கோணமாக, ரப்பர் போல ஒரு பகுதி இருக்கும். லாயத்தில் எல்லோரும் ஃபிராக் என்பார்கள். தவளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் எனக்கு இதுவரை விளக்கியதில்லை. அதன் நடுவில் ஒரு பள்ளம், இரு பக்கமும் இரண்டு பள்ளம். நடுப்பள்ளம் ஆழமில்லாமல் அகலமாக இருக்க வேண்டும். குறுகிய வெடிப்பாகி, குதிகால் வரை கீறிக்கொண்டு போயிருந்தால், கொக்கியின் முனை உள்ளே மறைந்து போனால், கறுப்புச் சேறு மாதிரி ஒன்று வந்து அழுகிய வாடை அடித்தால், அது திரஷ் என்ற குளம்பு அழுகல். அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கோப்பிக்கடையில் உட்கார்ந்தாலும் விரலில் இருக்கும்.

நம் ஊரில் இது அதிகம். டிசம்பர், ஜனவரி மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. வெக்கை தாங்காமல் ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிப்பாட்டி, கால் சொட்டச் சொட்ட அப்படியே மரச்சீவலில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். சீவலில் மூத்திரமும் சேர்ந்தால் கிருமிக்கு விருந்து. குளித்த பிறகு குளம்பின் அடியைத் துணியால் ஒற்றுங்கள், காய்ந்த சிமென்ட் தரையில் கால் மணி நேரம் நிறுத்துங்கள், ஈரச் சீவலை அன்றன்றே அள்ளுங்கள்.

கொக்கியைக் குதிகாலிலிருந்து முன்விரல், அதாவது குளம்பின் முன்முனை, பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும். வலிக்கும் பள்ளத்தில் கொக்கி வேண்டாம். பழைய பல்துலக்கியும் பஞ்சும் போதும். தொட்டதும் இரத்தம் வந்தாலோ, குதிகாலின் இரு மேடுகளையும் விரலால் லேசாக விலக்கினாலே குதிரை துள்ளினாலோ, கடையில் வாங்கிய மருந்தை ஊற்றிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஆணி அடிக்கும்போது வெட்டி இழுக்கிறது, அல்லது லாடம் அடித்த இரண்டு நாளில் நொண்டுகிறது

நம் பேச்சில் “லாடம் கட்டிடுவேன்” என்றால் உதைப்பேன் என்று அர்த்தம். லாடம் அடிப்பதையே அந்த அர்த்தத்தில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், என்ன செய்ய.

குளம்புச் சுவரின் வெளிப்பகுதிக்கு உணர்ச்சி இல்லை, நம் நகம் மாதிரி. ஆணி அதற்குள்ளேயே ஏறி வெளியே வர வேண்டும். கெட்டியான சுவரில் ஏறும்போது சுத்தியல் சத்தம் கணீரென்று இருக்கும். தடம் மாறி மென்மையான பகுதிக்குள் போனால் சத்தம் மந்தமாகும். நல்ல லாடக்காரர் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதுதான் அதிகம். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று கதை பேசாதீர்கள்.

முதல் ஆணியிலிருந்து எல்லா ஆணிக்கும் ஒரே மாதிரி திடுக்கிட்டால் பெரும்பாலும் சத்தத்துக்குப் பயம். ஐந்து ஆணிக்குச் சும்மா நின்றுவிட்டு ஆறாவதுக்கு மட்டும் காலை வெட்டி இழுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். ஆணியைப் பிடுங்கி முனையைப் பார்க்க வேண்டும்: ஈரமா, இரத்தமா. இருந்தால் அந்தத் துளையில் மறுபடி ஆணி ஏறக் கூடாது. துளையைக் கிருமிநாசினியால் கழுவி, மருத்துவரிடம் டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இன்னொரு வகை ஏமாற்றும். ஆணி சதையைக் குத்தவில்லை, ஆனால் அதை ஒட்டிப் போய் நெருக்குகிறது. அன்றைக்குக் குதிரை நன்றாக நடக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் நொண்டும், நாடி அடிக்கும். அதனால் லாடம் அடித்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் நாடி பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மடக்கிய ஆணி முனைகளை லாடக்காரர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் எந்த ஆணி என்று குதிரையே காட்டிக்கொடுத்துவிடும். அவரிடம் குறை சொல்கிற குரலில் பேச வேண்டாம். இது கைதேர்ந்தவருக்கும் நடக்கும். மெல்லிய சுவர் உள்ள பந்தயக் குதிரைகளில் இடமே மயிரிழைதான்.

முன்கால்களை நீட்டி, பின்னால் சாய்ந்து நிற்கிறது

கொக்கியைக் கீழே போடுங்கள். இன்று குளம்பு வேலை கிடையாது.

குளம்புக்குள் இருக்கும் எலும்பை, குளம்புச் சுவரோடு நுண்ணிய மடிப்புகள் கோத்துப் பிடித்திருக்கின்றன. இணை பிரியாத உறவை நாம் நகமும் சதையும் என்போம். லேமினைடிஸ் அந்த நகத்தையும் சதையையும் பிரிக்கிற நோய். பிடி தளர்ந்தால் குதிரையின் எடையே அந்த எலும்பைத் திருகிக் கீழே தள்ளும். வலி முன்விரல் பக்கம் அதிகம் என்பதால் குதிரை எடையைக் குதிகாலுக்கும் பின்கால்களுக்கும் மாற்றும். முன்கால்களை மாற்றி மாற்றி ஊன்றும். திருப்பினால் முட்டைமேல் நடப்பது போல நடக்கும். இரண்டு முன்கால்களிலும் நாடி துள்ளும். ஒரு காலைத் தூக்கச் சொல்வது, மற்றக் காலில் இருக்கும் அத்தனை மடிப்புகளையும் கிழியச் சொல்வதற்குச் சமம்.

காரணம் பல நேரம் வயிற்றில் தொடங்கும். அளவுக்கு மீறிய தானியம், மாவுச்சத்து, இன்சுலின் கோளாறு, வயதான குதிரைகளுக்கு வரும் சுரப்பி நோய். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கே கடல்கடந்து வரும் குதிரைகளுக்கு வெந்த சோறும் இறைச்சியும் கொடுக்கிறார்கள் என்றும், குதிரை செத்தால்தான் அடுத்தது விற்கும் என்று வணிகர்கள் லாடக்காரர்களை அந்தப் பக்கமே வரவிடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். குளம்புகள் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இன்றும் வேலிக்கு வெளியே நின்று ரொட்டியும் கேக்கும் நீட்டுகிற குடும்பங்களைப் பார்க்கிறேன். ஆசையாகத்தான் கொடுக்கிறார்கள்.

மருத்துவரை அழைத்துவிட்டு, அவர் வரும்வரை: தானியத்தை நிறுத்துங்கள். நடக்க வைக்காதீர்கள். மரச்சீவலைக் கணுக்கால் மறையும் அளவுக்குத் தடிமனாகப் போடுங்கள். பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் ஐஸ் மூட்டை வாங்கி, தண்ணீரோடு வாளியிலோ கெட்டியான பையிலோ போட்டுக் குளம்பும் கணுவும் மூழ்கும்படி வையுங்கள். தொடக்கத்திலேயே குளிர்வித்தால் சேதம் குறையும். நம் சீதோஷ்ணத்தில் ஐஸ் சீக்கிரம் கரையும். இரண்டு மூட்டைக்குப் பதில் ஆறு வாங்குங்கள்.

நேற்று நன்றாக இருந்தது, இன்று மூன்று காலில் நிற்கிறது

பார்த்தால் எலும்பு முறிந்துவிட்டது போலத் தோன்றும். ஒரே ஒரு குளம்பு சூடு, ஒரே ஒரு காலில் நாடி அடிப்பு என்றால் உள்ளே சீழ்க்கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். நான் தொடக்கத்தில் சொன்ன பழுப்புக் குதிரையின் கதை. ஆனால் முறிவு இல்லை என்று முடிவு கட்டுவது உங்கள் வேலை ஆகாது. மருத்துவரோ லாடக்காரரோ சோதனைக் குறடால் குளம்பை அங்குலம் அங்குலமாக அழுத்தி இடத்தைக் கண்டுபிடித்து வடிகால் திறப்பார். நீங்களாகக் கத்தி வைத்துத் தோண்டாதீர்கள்.

அடியில் ஆணியோ கம்பியோ குத்தியிருப்பது தெரிந்தால் கை பரபரக்கும். பிடுங்காதீர்கள். எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எக்ஸ்ரே எடுக்க அது அங்கேயே இருக்க வேண்டும்; ஃபிராக்கின் நடுவில் குத்தியது மூட்டு உறைவரை போயிருக்கலாம். கால் ஊன்றினால் இன்னும் உள்ளே ஏறிவிடும் என்ற நிலை இருந்து, மருத்துவரும் தொலைபேசியில் எடுக்கச் சொன்னால் மட்டும், முதலில் படம் எடுத்து, குத்திய இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, பிறகு இழுங்கள். ஆணியைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

பின்காலைத் தூக்கியதும் நடுங்குகிறது

கால் மேலே கொக்கி போல இழுத்துக்கொண்டு, வாலும் தூக்கி நடுங்கி, சில விநாடியில் கால் தரைக்கு இறங்கினால், குதிரையைப் பின்னோக்கி நடத்திப் பாருங்கள். அப்போதும் அதே மாதிரி செய்தால் ஷிவர்ஸ் என்ற நரம்புக் கோளாறாக இருக்கலாம். உயரமான குதிரைகளில் காணப்படுவது. வலியும் இல்லை, திமிரும் இல்லை. அடக்கிப் பிடித்தால் மோசமாகும். தாழ்வாக, குறுகிய நேரம், விட்டு விட்டு.

எதுவுமே செய்யவில்லை. சிலை மாதிரி நிற்கிறது

எனக்கு அதிகம் பயம் இதில்தான். “ரொம்ப நல்ல குதிரை, அசையவே இல்லை” என்பார்கள். பந்தய லாயத்தில் வளர்ந்த குதிரைகள் பலவற்றுக்கு, எதிர்த்துப் பயனில்லை என்று பழகிப்போயிருக்கும். காலைக் கொடுக்கும், பிடுங்காது. ஆனால் கண் ஒரே இடத்தில் நிலைத்திருக்கும், கீழுதடு இறுகியிருக்கும், கூப்பிட்டால் காது திரும்பாது, வியர்க்கும் அளவுக்கு வேலை செய்யாமலேயே கழுத்து நனைந்திருக்கும். சுகமாக நிற்கும் குதிரை அப்படி இருக்காது. உதடு தொங்கும், பாதித் தூக்கத்தில் இருக்கும், பக்கத்து லாயத்தில் வாளி சத்தம் கேட்டால் காது போகும்.

இதயத் துடிப்பை எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. நிழலில் பத்து நிமிடம் நின்ற பிறகும் 50க்கு மேல் போனால் வேலையை நிறுத்துவதற்கு அது ஒன்றே போதும். மூக்கில் முறுக்கு (மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடிப்பது) போட்டோ வலி மாத்திரை கொடுத்தோ நிறுத்தி வைத்த குதிரையின் அமைதியைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மாத்திரை கொடுத்திருந்தால், எப்போது, எவ்வளவு என்று லாடக்காரர் வந்ததும் சொல்லிவிடுங்கள். அவர் கைக்கும் குதிரையின் காலுக்கும் நடுவே இருக்கும் ஒரே எச்சரிக்கை மணியை அந்த மாத்திரை அணைத்து வைத்திருக்கிறது.

மருத்துவரை அழைக்கும்போது “ஒரு மாதிரியா இருக்கு” என்று தொடங்க வேண்டாம். எந்தக் கால், சூடு உண்டா, நாடி எந்தக் கால்களில், இதயத் துடிப்பு எத்தனை, கடைசியாக லாடம் அடித்த தேதி, நேற்றிலிருந்து என்ன தின்றது. முடிந்தால் ஒரு காணொளி: கெட்டியான தரையில் நேராகப் பத்து அடி போய்த் திரும்பி வர வேண்டும், தலை முதல் குளம்பு வரை படத்தில் தெரிய வேண்டும். முன்கால் வலி என்றால் நல்ல கால் தரையில் படும்போது தலை தாழும், வலிக்கிற கால் படும்போது நிமிரும். கயிற்றைத் தளர்த்திப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் தலை ஆடாது, காணொளி வீண்.